கோட்டை கட்டியே கோட்டைவிட்டவர்: லா சாலின் கடைசிப் பயணம்

வட அமெரிக்காவில் சுற்றிய 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பயணி லா சாலைப் பற்றி இரண்டு வரியில் சொல்லச் சொன்னால் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்கள். மிசிசிப்பி ஆற்றோடு கடல்வரை போய், அந்தப் பரப்பு முழுவதற்கும் லூயிசியானா என்று தன் அரசரின் பெயரை வைத்தவர். அப்புறம் அதே ஆற்றைக் கடல்வழியாகத் தேடிவந்தபோது முகத்துவாரத்தைத் தவறவிட்டு, சுமார் 640 கிலோமீட்டர் மேற்கே தள்ளி டெக்சாஸ் கரையில் இறங்கி, கடைசியில் சொந்த ஆட்கள் கையாலேயே செத்தவர். வரைபடம் தப்பு, அதனால் எல்லாம் தப்பு. கதை முடிந்தது.

எனக்கு இது போதவில்லை. 640 கிலோமீட்டர் தவறுவது பெரிய பிழைதான், ஆனால் அந்தப் பிழை மட்டும் யாரையும் கொல்லவில்லை. இறங்கிய இடத்தில் காட்டெருமை மந்தை மந்தையாக மேய்ந்தது. ஆற்றில் மீன் இருந்தது. துப்பாக்கி இருந்தது, பீரங்கி இருந்தது, ஓடக்கூடிய ஒரு கப்பலும் மிச்சம் இருந்தது. எதிரிகளான ஸ்பானியர்களோ இவர்களைத் தேடித்தேடியும் நாலு வருஷம் கண்டுபிடிக்கவில்லை. இவ்வளவு இருந்தும் கரையில் தங்கிய சுமார் 180 பேரில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே உயிரோடு வெளியே வந்தார்கள் என்றால், காரணத்தை வரைபடத்தில் மட்டும் தேடினால் கிடைக்காது. அந்த மனிதரின் பழைய பழக்கங்களிலும் தேட வேண்டும்.

சரி, ஆளிடமிருந்தே தொடங்கலாம்.

ரெனே ரொபேர் கவெலியே 1643இல் பிரான்சின் ரூவான் நகரத்தில் வசதியான வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். லா சால் என்பது குடும்ப நிலத்தின் பெயர், அதுவே அவருக்கும் பெயராக நின்றுவிட்டது. இளம் வயதிலேயே சேசு சபையில் சேர்ந்து பயிற்சி எடுத்தார், ஆனால் கீழ்ப்படிதலை முதல் விரதமாக வைத்திருக்கும் ஒரு சபை அவருக்கு எப்படி ஒத்துவரும்? 1667இல் தன்னை விடுவிக்கும்படி கேட்டு வெளியே வந்தார். துறவுக்குப் போனவர் என்பதால் அப்பாவின் சொத்திலும் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. அதே ஆண்டு கனடாவுக்குக் கப்பலேறினார். அண்ணன் ழான் அங்கே பாதிரியார். இந்த அண்ணனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் ஒரு வேலை செய்வார்.

மொன்றியால் தீவில் கிடைத்த நிலத்தில் விவசாயம் பார்க்காமல், மேற்கே ஆறுவழியே போனால் சீனாவுக்கே போய்விடலாம் என்று 1669இல் நிலத்தை விற்றுவிட்டுக் கிளம்பினார். சீனாவைக் காணோம். அந்த நிலத்துக்கு ஊரார் கேலியாக வைத்த பெயர் லா ஷின், அதாவது சீனா. இன்றைக்கும் மொன்றியாலில் அந்தப் பகுதிக்கு லஷீன் என்றுதான் பெயர்.

அவரை மேலே தூக்கிவிட்டவர் பிரெஞ்சுக் கனடாவின் ஆளுநர் ஃபிரான்டெனாக். ஒன்டாரியோ ஏரி முடியும் இடத்தில், இன்றைய கிங்ஸ்டன் நகரத்தில், 1673இல் ஒரு கோட்டை எழுந்தது. அதைத் தன் பொறுப்பில் கேட்க லா சால் அடுத்த ஆண்டே பிரான்சுக்குப் போனார். 1675இல் கோட்டையும் பிரபுப் பட்டமும் கிடைத்தன. (நம் பக்கத்துச் செய்தி ஒன்று: இவர் கோட்டை கேட்டுப் போன அந்த 1674இல்தான் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் வந்து இறங்கினார். ஒரே அரசர் 14ஆம் லூயி, ஒரே அமைச்சர் கொல்பேர். மர்த்தேன் 30 வருஷத்துக்கு மேல் இந்த மண்ணில் உட்கார்ந்தே ஊரை வளர்த்தார், டச்சுக்காரர்கள் பிடுங்கியபோதும் காத்திருந்து திரும்பி வந்தார். லா சாலுக்கு உட்காரவே தெரியாது.)

1678இல் அரசரிடமிருந்து அடுத்த அனுமதி: மேற்கே போகலாம், கோட்டை கட்டலாம், காட்டெருமைத் தோல் வியாபாரத்தில் தனியுரிமை உண்டு. ஆனால் செலவெல்லாம் சொந்தக் கணக்கு. அதனால் கடன், கடனை அடைக்க இன்னும் பெரிய திட்டம், அதற்கு இன்னும் கடன் என்று அவர் வாழ்க்கை ஓடத் தொடங்கியது. நயாகரா அருவிக்கு மேலே கிரிஃபோன் என்று ஒரு கப்பலைக் கட்டி, 1679 ஆகஸ்டில் பாய்விரித்து, மிஷிகன் ஏரிவரை போய், தோல் மூட்டைகளை ஏற்றிக் கடன்காரர்களுக்கு அனுப்பினார். செப்டம்பர் 18 அன்று கிளம்பிய அந்தக் கப்பலை அதன்பின் யாரும் பார்க்கவில்லை.

கப்பல் என்ன ஆயிற்று என்று தெரியாமலே 1680 ஜனவரியில், இன்றைய இல்லினாய் மாநிலத்தின் பியோரியா பக்கத்தில் ஒரு கோட்டை கட்டினார். பெயர் கிரெவ்கேர். பிரெஞ்சில் மனமுடைவு என்று பொருள். கோட்டைக்கு இப்படியும் ஒருவர் பெயர் வைப்பாரா என்று தோன்றும், ஆனால் நடந்ததைப் பார்த்தால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. மார்ச் மாதம் பொருட்கள் கொண்டுவருகிறேன் என்று சில பேரோடு நடையும் ஓடமுமாக ஆயிரம் மைல் தாண்டி ஃபிரான்டெனாக் கோட்டைக்குப் போனார். உடல் வலிமை என்று பார்த்தால் யாரும் நம்பமாட்டாத காரியம். ஆனால் அவர் தலை மறைந்ததும், சம்பளம் பாக்கி நின்ற ஆட்கள் கோட்டையை உடைத்து, இருந்ததைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

இங்கே ஹென்றி டோண்டியைச் சொல்ல வேண்டும். இத்தாலிய வம்சம், பிரெஞ்சுப் படையில் இருந்தவர், சிசிலிப் போரில் ஒரு கையை இழந்து உலோகக் கை பொருத்திக்கொண்டவர். கிரெவ்கேரில் லா சால் தன் இடத்தில் விட்டுப்போனது இவரைத்தான். டோண்டி வெளியே போயிருந்த நேரம் பார்த்துத்தான் ஆட்கள் கலகம் செய்தார்கள். அதன் பிறகும் அவர் ஓடவில்லை. சில பேரோடு இல்லினாய் பூர்வகுடிகளிடையே தங்கினார். இரோக்வா என்ற இன்னொரு பூர்வகுடியினர் படையெடுத்து வந்தபோது சமாதானம் பேசப்போய்க் கத்திக்குத்து வாங்கி, பசியோடு வடக்கே தப்பி, அடுத்த ஆண்டு லா சாலை மீண்டும் சந்தித்தார். சந்தித்த கையோடு, சரி, மறுபடி போவோம் என்று கிளம்பியும்விட்டார்.

1682இன் வெற்றி இந்த இருவரும் சேர்ந்து போனதால் வந்தது. 23 பிரெஞ்சுக்காரர்கள், பெண்கள் குழந்தைகள் உட்பட 31 பூர்வகுடிகள். பிப்ரவரியில் மிசிசிப்பியில் இறங்கினார்கள், ஏப்ரல் 9 அன்று கடலுக்குப் பக்கத்தில் ஒரு தூணும் சிலுவையும் நட்டு, இந்த ஆறும் இதில் விழும் ஆறுகளும் பாயும் நிலமெல்லாம் பிரான்சுக்கே சொந்தம் என்று அறிவித்தார் லா சால். அங்கே ஏற்கெனவே வாழ்ந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. வழியில் சண்டை மிகக் குறைவு. ஊருக்கு ஊர் சமாதானக் குழாயை நீட்டிப் பேசித்தான் போனார்கள். திரும்பும்போது லா சால் காய்ச்சலில் படுத்துவிட, முன்னால் போய்ச் செய்தி சொன்னதும் டோண்டிதான்.

அந்தப் பயணத்திலேயே ஒரு விதை விழுந்துவிட்டது. முகத்துவாரத்தில் லா சால் எடுத்த அட்சரேகைக் கணக்கு சுமார் 27 பாகை என்று பதிவானது. உண்மையில் அது 29ஐ ஒட்டியது. இரண்டு பாகைதானே என்று நினைக்கக்கூடாது, மெக்சிகோ வளைகுடாவின் வடகரை முழுக்க 29, 30 பாகையில் கிழக்கு மேற்காக ஓடுகிறது. 27, 28 பாகையில் கரை வேண்டுமென்றால் மேற்கே டெக்சாஸ்வரை போனால்தான் கிடைக்கும். தீர்க்கரேகையைக் கடலில் அளக்கும் வழியோ அன்றைக்கு யாரிடமும் இல்லை. பழைய ஸ்பானிய வரைபடங்களில் வளைகுடாவின் மேற்கு மூலையில் எஸ்கோந்திதோ என்று ஓர் ஆறு இருந்தது. அதற்கு மறைந்த ஆறு என்று பொருள். மிசிசிப்பிதான் அது என்று லா சால் முடிவுகட்டினார். ஆக, தப்பான எண்ணும் தப்பான படமும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிக்கொண்டன.

ஃபிரான்டெனாக் போய்ப் புதிய ஆளுநர் லா பார் வந்ததும் லா சாலின் கோட்டைகள் பறிபோயின. நேராக அரசரிடமே முறையிட 1683இல் பாரிஸ் போனார். அங்கே அப்போது பேச்செல்லாம் ஸ்பெயினோடு போர், மெக்சிகோ வெள்ளிச் சுரங்கங்கள் என்றே இருந்தது. பெஞ்ஞலோசா என்ற ஓடிவந்த ஸ்பானிய அதிகாரி வேறு அந்தச் சுரங்கங்களைப் பிடிக்கத் திட்டம் விற்றுக்கொண்டிருந்தார். லா சாலும் மிசிசிப்பியின் வாயில் ஒரு குடியேற்றம், அங்கிருந்து பூர்வகுடிப் படை, பக்கத்திலேயே சுரங்கம் என்று தன் திட்டத்தைக் காலத்துக்கு ஏற்ற மாதிரி வளைத்தார். அரசருக்குப் பிடித்துப்போனது. கேட்டது இரண்டு கப்பல், கிடைத்தது நான்கு. மிசிசிப்பி மேற்கே இருப்பதாகக் காட்டியது அறியாமையா, வேண்டுமென்றே சொன்ன பொய்யா என்று இன்றுவரை ஆய்வாளர்கள் அடித்துக்கொள்கிறார்கள். இரண்டும் கலந்தது என்பது என் கணிப்பு. நமக்கு வசதியான பொய்யை நாமே நம்பிவிடுவது எளிது.

1684 கோடையில் லா ரொஷெல் துறைமுகத்திலிருந்து சுமார் 300 பேர் கிளம்பினார்கள். போர்க்கப்பல் ழோலி, சரக்குக் கப்பல் எமாபிள், சிறிய கப்பல் பெல், இன்னும் சிறியதாக சான் பிரான்சுவா. டோண்டி இந்தப் பயணத்தில் இல்லை. அவர் வட அமெரிக்காவிலேயே இருந்தார்.

அவர் இடத்தில் இருந்தவர்களைப் பாருங்கள். கடலில் பொறுப்பு கடற்படைத் தலைவர் பொஜேவிடம், ஆனால் எந்தப் பக்கம் போவது என்பதை லா சால்தான் சொல்வார், அதையும் முழுசாகச் சொல்லமாட்டார். போகும் இடத்தையே மறைக்கிறார், என்னை நம்புவதில்லை என்று பொஜே அமைச்சருக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். ஆள் சேர்ப்பு இன்னும் மோசம். தெருவில் பிச்சையெடுத்தவர்களைப் பிடித்துச் சிப்பாய் ஆக்கியிருந்தார்கள். தச்சர், கொத்தனார் என்று சம்பளம் வாங்கியவர்களில் பலருக்கு அந்தத் தொழிலே தெரியாது என்று, கூடப் போன ழூதெல் பிற்பாடு எழுதிவைத்திருக்கிறார். நடுவில் மதீராவில் நின்று தண்ணீர் பிடிக்கலாம் என்றார் பொஜே, லா சால் மறுத்தார். கடகரேகையைத் தாண்டும்போது புதியவர்களை நீரில் முக்கி மாலுமிகள் விளையாடும் வழக்கத்தையும் தடுத்தார். சின்ன விஷயம்தான், ஆனால் மாலுமிகள் மறக்கவில்லை.

கரீபியனில் சான் பிரான்சுவாவை ஸ்பானியக் கொள்ளையர்கள் பிடித்துக்கொண்டார்கள். செயின்ட் டொமிங்குவில் லா சால் காய்ச்சலில் சாகக் கிடந்தார், சிப்பாய்கள் நோயில் விழுந்தார்கள், சிலர் ஓடிப்போனார்கள். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் அந்த ஆகஸ்டிலேயே சமாதானம் ஆகிவிட்டிருந்தது. எந்தப் போரைச் சொல்லிக் கப்பல் வாங்கினாரோ அந்தப் போரே முடிந்துபோனது.

1685 புத்தாண்டு வாக்கில் வளைகுடாவின் வடகரை கண்ணில் பட்டது. கடல் நீரோட்டம் தங்களைக் கிழக்கே தள்ளியிருக்கும் என்ற அன்றைய நம்பிக்கையில், இன்னும் மேற்கே போகவேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். உண்மையில் மிசிசிப்பியை ஏற்கெனவே தாண்டியாயிற்று. மேற்கே போகப்போக அது இன்னும் தொலைவானது. நியாயமாகச் சொன்னால், மிசிசிப்பி முகத்துவாரம் கடலிலிருந்து பார்க்க ஒன்றுமே இல்லாத இடம். தாழ்ந்த சேறும் நாணலும்தான், அதுவும் பல கிளைகளாகப் பிரிந்து கடலில் கலக்கிறது. யார் வந்திருந்தாலும் தவறவிட்டிருக்கலாம்.

ஆக, பிப்ரவரியில் மட்டகோர்டா விரிகுடாவில் இறங்கியது வரைக்கும் பிழைதான், குற்றம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இதற்குப் பின் நடந்தது வேறு.

பிப்ரவரி 20 அன்று எமாபிள் கப்பல், விரிகுடாவுக்குள் நுழையும் குறுகலான வாயில் மணல்திட்டில் தட்டி நின்றது. லா சால் அப்போது கரையில் இருந்தார். தன் ஆட்கள் சிலரை அந்தக் கரையின் பூர்வகுடிகளான கரன்காவா மக்கள் கூட்டிக்கொண்டு போனதால் அவர்களை மீட்கப் போய்க்கொண்டிருந்தார். கப்பல் தட்டியதைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. உணவு, கருவிகள், மருந்து என்று குடியேற்றத்தின் பெரும்பகுதிச் சரக்கு கடலோடு போனது.

அலையில் ஒதுங்கிய துணிகளையும் போர்வைகளையும் கரன்காவாக்கள் எடுத்துக்கொண்டார்கள். கரையில் ஒதுங்கியதை எடுப்பது கடலோரத்தில் வாழ்கிறவர்களுக்குத் திருட்டாகவே தெரியாது. இதைப் பேசித் தீர்த்திருக்கலாம், பேச்சில் தீர்க்கத் தெரிந்தவர்தானே 1682இல் ஆற்றோடு போனார். ஆனால் இந்த முறை ஆயுதம் தாங்கிய சிலரைக் கிராமத்துக்கு அனுப்பினார். அதில் அவருடைய உறவுப் பையன் மொராஞ்சேவும் இருந்தான், முன்கோபக்காரன். போனவர்கள் கேள்வி கேட்காமல் ஓடங்களையும் தோல்களையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்று இரவே அம்புகள் பாய்ந்தன. இரண்டு பேர் செத்தார்கள், மொராஞ்சே காயத்தோடு தப்பினான். சில போர்வைகளுக்காக மூண்ட பகை கடைசிவரை தீரவில்லை.

மார்ச்சில் பொஜே ழோலியோடு பிரான்சுக்குத் திரும்பினார். பயந்துபோன சிலரும் அவரோடு ஏறிக்கொண்டார்கள். மிஞ்சியவர்கள் இன்றைய கார்சிடாஸ் ஓடையின் கரையில் செயின்ட் லூயி கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை என்பது மரியாதைக்குத்தான். உடைந்த கப்பலின் பலகைகளை இழுத்துவந்து கட்டிய ஒரு கட்டடம், சுற்றி மண் பூசிய குடிசைகள், எட்டு இரும்புப் பீரங்கிகள். கோடை வெயிலில் மரம் இழுத்தே பலர் விழுந்தார்கள். ஒரு சிப்பாய் சப்பாத்திக்கள்ளிப் பழத்தை முள்ளை நீக்காமல் அப்படியே விழுங்கித் தொண்டை வீங்கிச் செத்தான். நம் ஊர்ச் சிறுவன் ஒருவன் பக்கத்தில் இருந்திருந்தால் மண்ணில் தேய்த்துக் கொடுத்திருப்பான்.

இப்போது கிரெவ்கேரை நினைத்துப் பாருங்கள். ஒரு கோட்டை கட்டுவது, கட்டிய கையோடு நல்ல ஆட்களைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவது. அதே பழக்கம் இங்கேயும் வந்தது. 1685 அக்டோபரில் கோட்டையை ழூதெலிடம் விட்டுவிட்டு மேற்கே போனார், மாதக்கணக்கில் திரும்பவில்லை. போகும்போது பெல் கப்பலை விரிகுடாவுக்குள் நிறுத்தி, நான் வரும்வரை நகரக்கூடாது என்று உத்தரவு. தண்ணீர் எடுக்கப் போன படகும் அதில் இருந்த திறமையான ஆட்களும் திரும்பவே இல்லை. மிச்சம் இருந்தவர்கள் தாகத்தில் வாடினார்கள், கப்பலில் சாராயம் மட்டும் இருந்தது. 1686 தொடக்கத்தில் வடகாற்று அடித்து பெல் எதிர்க்கரையில் போய்ப் புதைந்தது. ஒரு சிலர் மட்டும் பிழைத்துக் கோட்டைக்கு வந்தார்கள். இந்தக் கதையில் உண்மையான முடிவு இந்த நாள்தான் என்று நினைக்கிறேன். கப்பல் இருந்தவரை கரையோரமாகக் கிழக்கே போய்ப் பார்க்க வழி இருந்தது, உதவி கேட்டுக் கரீபியனுக்கு ஆள் அனுப்ப வழி இருந்தது. கைவசம் அந்தக் கப்பல் ஓராண்டு கிடந்தும் அதை அவர் அதற்குப் பயன்படுத்தவே இல்லை.

அதே 1686இல் டோண்டி என்ன செய்தார்? லா சால் கடல்வழியாக வருகிறார் என்று கேள்விப்பட்டு, யாரும் கேட்காமலே மிசிசிப்பியில் இறங்கி முகத்துவாரம்வரை வந்தார். இரண்டு பக்கமும் ஓடங்களை அனுப்பித் தேடினார், ஒருவரையும் காணோம். திரும்பும் வழியில் ஆர்கன்சா ஆற்றங்கரையில் சில ஆட்களை விட்டுப்போனார், என்றாவது லா சால் வந்தால் உதவட்டும் என்று. ஏப்ரலில் ஒரு கடிதம் எழுதி முகத்துவாரத்துப் பக்கத்துக் கிராமத் தலைவர் ஒருவரிடம் கொடுத்தார்.

லா சால் அந்த ஏப்ரலில் 20 பேரோடு மறுபடி கிழக்கே கிளம்பினார். திரும்பி வந்தபோது கூட எட்டுப் பேர். மூன்றாம் முறை 1687 ஜனவரியில், 17 பேரோடு. இந்த முறை கனடாவரை நடந்தே போய் உதவி கொண்டுவருவதாகத் திட்டம். பெண்கள், குழந்தைகள், நோயாளிகள் என்று இருபதுக்குச் சற்று மேற்பட்டவர்கள் கோட்டையில் நின்றார்கள்.

கூட வந்தவர்களில் துஓ ஒரு வணிகர். இந்தப் பயணத்தில் பணம் போட்டவர், முந்தைய ஒரு பயணத்தில் தம்பியை இழந்தவர். மருத்துவர் லியோதோவுக்கும் அதேபோல் ஓர் ஆறாத கணக்கு இருந்தது. மார்ச் நடுவில் இவர்களை, முன்பு புதைத்துவைத்த தானியத்தை எடுத்துவர அனுப்பினார் லா சால். அது கெட்டுப்போயிருந்தது. ஆனால் ஷானி இனத்து வேட்டைக்காரர் நிக்கா இரண்டு காட்டெருமைகளைச் சுட்டுத் தந்தார். இறைச்சியைக் கொண்டுவர லா சால் அனுப்பியது யாரை? மொராஞ்சேவை. வந்தவன், சுட்டவர்கள் வழக்கப்படி தங்களுக்கென்று எடுத்துவைத்த எலும்பு மூளையையும் கறியையும் பார்த்துக் கத்தி, எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டான். அன்று இரவு லியோதோ கோடரியை எடுத்து மொராஞ்சே, நிக்கா, லா சாலின் வேலையாள் சஜே மூவரையும் தூக்கத்தில் வெட்டினார். இதற்கு மேல் லா சாலை விட்டுவைக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆட்களைக் காணோமே என்று அவரே தேடி வந்தார். மார்ச் 19 அன்று, லார்ஷவேக் என்ற பையன் முன்னால் நின்று பேச்சுக்கொடுத்து இழுக்க, புல்லுக்குள் படுத்திருந்த துஓ தலையில் சுட்டார். பெரிய பாஷா இதோ கிடக்கிறார் என்று லியோதோ ஏளனம் செய்ததாக ழூதெலின் குறிப்பு சொல்கிறது. துணியை உரித்துப் புதரில் போட்டுவிட்டுப் போனார்கள். வயது 43.

கொன்றவர்களும் நிலைக்கவில்லை. துஓவும் லியோதோவும் சில வாரங்களில் கூட்டாளிகளாலேயே சுடப்பட்டார்கள். லார்ஷவேக் ஸ்பானியர்களிடம் மாட்டி, நியூ மெக்சிகோவில் குடும்பஸ்தனாகி, 1720இல் ஒரு ஸ்பானியப் படையெடுப்பில் செத்தான்.

ழூதெல், அண்ணன் பாதிரியார் உள்ளிட்ட ஒரு சிறு கூட்டம் வடகிழக்கே நடந்து, ஜூலையில் ஆர்கன்சா ஆற்றுக்கு வந்தபோது எதிர்க்கரையில் ஒரு சிலுவையும் பிரெஞ்சு முறையில் கட்டிய வீடும் தெரிந்தன. டோண்டி விட்டுப்போன ஆட்கள். அதாவது லா சாலின் ஆட்களை உண்மையில் காப்பாற்றியது டோண்டியின் முன்யோசனை. அதற்குக் கைம்மாறாக அண்ணன் பாதிரியார் செய்ததைக் கேளுங்கள்: இல்லினாயில் டோண்டியைப் பார்த்தபோது லா சால் நலமாக இருக்கிறார் என்று சொல்லி, அவர் கணக்கில் தோல் மூட்டைகளையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். உண்மை தெரிந்ததும் டோண்டி 1689இல் கோட்டையில் இருந்தவர்களை மீட்க டெக்சாஸ் நோக்கி நடந்தார். கூட வந்தவர்கள் கைவிட்டதால் பாதியில் திரும்ப வேண்டியிருந்தது.

போயிருந்தாலும் பயன் இல்லை. 1688 கிறிஸ்துமஸ் வாக்கில் கரன்காவாக்கள் கோட்டைக்குள் புகுந்து பெரியவர்களைக் கொன்றுவிட்டார்கள். தலோன் குடும்பத்துப் பிள்ளைகளையும் இன்னொரு சிறுவனையும் கரன்காவாப் பெண்கள் தூக்கிக்கொண்டு போய் வளர்த்தார்கள். 1689 ஏப்ரல் 22 அன்று அலோன்சோ டி லெயோன் தலைமையில் ஸ்பானியர்கள் வந்து பார்த்தபோது கிழிந்த புத்தகங்கள், மூன்று சடலங்கள், எட்டுப் பீரங்கிகள். பீரங்கிகளை அங்கேயே புதைத்தார்கள். அவை 1996இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன.

அதற்கு முந்தைய ஆண்டுதான் பெல் கப்பலையும் கண்டுபிடித்திருந்தார்கள். சுமார் 4 மீட்டர் ஆழம்தான். சுற்றிலும் இரும்புத் தடுப்பு கட்டி, கடல்நீரை இறைத்துவிட்டு, நடுக்கடலில் உலர்ந்த தரையில் நின்று தோண்டினார்கள். வெண்கலப் பீரங்கிகள், பூர்வகுடிகளுக்குக் கொடுக்கவென்று பெட்டி பெட்டியாகக் கண்ணாடி மணிகள் என்று பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பொருட்கள் வந்தன. கப்பலின் முன்பகுதியில் நங்கூரக் கயிற்றுச் சுருளின்மேல் ஒரு மாலுமியின் எலும்புக்கூடு கிடந்தது. அவரை 2004இல் ஆஸ்டின் நகரத்தில் அடக்கம் செய்தார்கள். கப்பலின் மரச்சட்டமும் அதே ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

டோண்டி 1686இல் கொடுத்த அந்தக் கடிதம்? 1699இல் மிசிசிப்பியைக் கடல்வழியாகக் கண்டுபிடித்தது இபர்வில் என்ற கனடாக்காரர். ஆற்றுக்குள் நுழைந்த பின்னும் இதுதான் அந்த ஆறு என்று அவருக்கு உறுதிப்படவில்லை. அப்போதுதான் பூர்வகுடித் தலைவர் 13 வருஷம் பத்திரமாக வைத்திருந்த ஒரு காகிதம் இபர்வில்லின் தம்பி கையில் வந்து சேர்ந்தது. நீங்கள் நட்ட தூணை வெள்ளத்து மரங்கள் சாய்த்துவிட்டன, சற்று மேலே வேறொன்று நட்டிருக்கிறேன், உங்களைக் காணாமல் திரும்புவது வருத்தமாக இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. மேலே லூயிசியானாவின் ஆளுநர் லா சால் அவர்களுக்கு என்று விலாசம்.